கல்யாணச் சீராக வந்த கப்பல்துறை

லண்டனில் தேம்ஸ் நதி வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும் தென்கரைப் பகுதி ராதர்ஹைத். அங்கே ஒரு வாடகை அறையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஊர் திரும்பும்போது வாங்கிய அந்தப் பகுதியின் வரைபட போஸ்டர், இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது. நானே ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கியது. ஆகவே இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் வீட்டுச் சண்டையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகான வேலை. கருநீல ஆறு, பழைய மாலுமி வரைபடங்களின் எழுத்து, சந்துகூடத் தப்பாத கோடுகள். 1620இல் மேஃப்ளவர் இங்கிருந்து புறப்படுகிறது. அதன் கேப்டன் கிறிஸ்டோபர் ஜோன்ஸ் 1622இல் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமாகிறார். டர்னர் ஓவியமாக்கிய டெமரேர் போர்க்கப்பல் 1838இல் இங்கே உடைக்கப்படுகிறது. ஆற்றுக்கு அடியில் ப்ரூனெல் குடைந்த சுரங்கம் 1843இல் திறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம், ஓர் ஆண்டு, பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர். பெண்ணே இல்லையா என்றால், இருக்கிறாள். திசைகாட்டிக்குப் பக்கத்தில் கூந்தலைக் கோதிக்கொண்டிருக்கும் கடல்கன்னி.

பெண்களைச் சேர்க்கவில்லை என்று பட்டியல் போட்டுப் புகார் சொல்வது சுலபம். என்னை உறுத்துவது படத்தில் இருக்கும் ஒன்று: கிரீன்லாந்து டாக் மேல் துள்ளும் திமிங்கிலம்.

கிரீன்லாந்துக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்கள் 18ஆம் நூற்றாண்டில் வந்து நின்றதால் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் அது ஹௌலண்ட் டாக். 1695இல் எலிசபெத் ஹௌலண்ட் என்ற சிறுமியைப் பெட்ஃபோர்ட் பிரபுவின் பேரனுக்குக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு ஏறக்குறைய 13 வயது, மாப்பிள்ளையும் விடலைப் பையன்தான். ராதர்ஹைத் நிலம் அவளுடைய கல்யாணச் சீராகப் போனது. அடுத்த ஆண்டே பாராளுமன்றத்தில் அனுமதி வாங்கி, அந்த நிலத்தைத் தோண்டி நீர் நிரப்பி, கப்பல்கள் பத்திரமாக நிற்கும் பெரிய குளமாக்கினார்கள்.

அவளுடைய தாய்வழித் தாத்தா சர் ஜோசையா சைல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். நம் சென்னைக் கோட்டை அந்தக் கம்பெனியுடையதுதான். ஆக, தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் நாட்டில் இன்னும் வரதட்சணை உண்டாமே என்று அங்கே என்னிடம் பரிதாபத்தோடு கேட்டிருக்கிறார்கள். கேட்டவளும் நானும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது அந்தத் துறையின் கரையில். எனக்கு அப்போது இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் தண்ணீரைக் காட்டியிருப்பேன்.

'கடல் பாரம்பரியம்' என்று தலைப்பிட்ட படம் கப்பலில் தொடங்குகிறது. கப்பல் நிற்க இடம் வேண்டும், இடத்துக்கு நிலம் வேண்டும். இங்கே அந்த நிலம் ஒரு பெண்ணோடு சேர்ந்து கைமாறியது. முதலில் அவள் குடும்பப் பெயராவது துறைக்கு இருந்தது. பிறகு அதுவும் போய்த் திமிங்கிலத்தின் நினைவு நின்றது. போஸ்டர்காரர் பொய் எதுவும் வரையவில்லை. கடைசியாக மிஞ்சிய பெயரை நம்பி வரைந்திருக்கிறார். அங்கேதான் எனக்குச் சண்டை.

மேற்கு விளிம்பைப் பாருங்கள். பெர்மண்ட்ஸி தொடங்கும் இடத்தை விளக்கக் கட்டம் மூடிவிட்டது. 1911 ஆகஸ்டில் அங்கே ஜாம், பிஸ்கட் ஆலைகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். பலருக்குக் கூலி உயர்ந்தது. அது வேறு பகுதி, எல்லைக்கு வெளியே என்று சொல்லலாம். ஆனால் மேஃப்ளவரைப் பின்தொடரும் அம்புக்குறி மட்டும் சட்டத்தின் ஓரம்வரை போய் 'அமெரிக்கா' என்கிறதே!

சுரங்கத்திலும் அப்படித்தான். ஒரு பென்னி கொடுத்து நடந்துபோன கூட்டத்துக்கு, உள்ளே வளைவுகளுக்கு அடியில் கடை விரித்துச் சுரங்கத்தின் படங்களையும் நினைவுப்பொருட்களையும் விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் போஸ்டருக்கு முன்னோடி அவர்கள் விற்ற படங்கள்தான். சுரங்கப் படத்தில் தொப்பி போட்ட பொறியாளர் மட்டும் நிற்கிறார்.

ஆற்றோரம் ஒரு சிலைத் தொகுப்பு உண்டு. 1991இல் வைத்தபோது ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சால்ட்டர் பெஞ்சில் உட்கார்ந்து, சிறுவயதிலேயே இறந்துபோன மகள் ஜாய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், சுவரில் ஒரு பூனை. மனைவி ஏடா இல்லை. 1911இல் அந்தப் பெண்களோடு நின்றவர், 1922இல் பெர்மண்ட்ஸியின் மேயரானவர், லண்டனின் முதல் பெண் மேயர். டாக்டரின் சிலையை 2011இல் யாரோ திருடிக்கொண்டு போனார்கள். 2014இல் புதிதாக வைத்தபோதுதான் கையில் மண்வெட்டியோடு ஏடாவும் வந்தார்.

என் போஸ்டரில் அந்த இடம் இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். மகளைக் காணோம், ஏடாவைக் காணோம். பழைய படம் எதையாவது பார்த்து வரைந்தார்களோ என்னவோ. பூனையை மட்டும் மீசைவரை கவனமாக வரைந்திருக்கிறார்கள்.