பனைப்பருவமும் திருச்சபை ஆண்டும்: திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சேகரங்களின் வழிபாட்டுக் காலமுறை குறித்த மறுவாசிப்பு

திருநெல்வேலிச் சீர்திருத்தக் கிறித்தவம் பற்றிய தமிழ் ஆய்வுகளில் சபைப் பண்டிகைகள் பெரும்பாலும் ‘பண்பாட்டேற்பு’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்படுகின்றன. ஆங்கிலேய மறைப்பணியாளர் கொண்டுவந்த திருச்சபை ஆண்டு ஒருபுறம், தமிழ்க் கிராமத்தின் வழக்கங்கள் மறுபுறம், இரண்டும் காலப்போக்கில் கலந்தன என்பது இவ்வாய்வுகளின் பொதுவான முடிவு. கலந்த கூறுகளைப் பட்டியலிட்டவுடன் ஆய்வும் நிறைவு பெற்றுவிடுகிறது. இம்முடிவைத் தவறென்று தள்ளிவிட இயலாது. எனினும், கலப்பதற்கு முன் இருபுறமும் முழுமைபெற்ற அமைப்புகள் இருந்தன என்னும் எடுகோள் இதன் அடியில் உள்ளது. ஆங்கிலிக்கன் புறத்தைப் பொறுத்தவரை இவ்வெடுகோள் வரலாற்றுக்குப் பொருந்துவதாக இல்லை.

அறுப்பின் பண்டிகை இதற்குத் தக்க சான்று. இங்கிலாந்தின் தொன்மையான திருச்சபைத் திருநாள் ஒன்று மறைப்பணியாளர் வழியே தமிழகம் வந்ததாகவே இப்பண்டிகை பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு அடிப்படையான 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் அறுப்பின் பண்டிகை இல்லை. ஆகஸ்ட் 1 ‘லாமஸ்’ நாள் என அதன் நாள்காட்டியில் பெயரளவில் இடம்பெறுகிறது. அதற்கெனத் தனி வழிபாடு வகுக்கப்படவில்லை. இன்று அறியப்படும் வடிவில் இப்பண்டிகைக்கு வழிகோலியவராகக் கருதப்படுபவர், கார்ன்வால் கடற்கரையிலுள்ள மார்வென்ஸ்டோ ஊரின் குருவாகிய ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். அவர் அதனை நடத்திய ஆண்டு 1843. கால்டுவெல் இடையன்குடியில் பணி தொடங்கியதோ 1841இல். எனவே இங்கிலாந்தின் கிராமக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை வேரூன்றிய காலமும் தேரிநிலத்துச் சபைகள் தம் பண்டிகைகளை வடிவமைத்துக்கொண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. முதிர்ந்த மரபொன்று இளைய மண்ணில் நடப்பட்டது என்னும் உருவகம் இங்கே செல்லுபடியாகாது.

ஜெபப் புத்தகத்தில் உழவோடு தொடர்புடைய பகுதிகள் இல்லாமலில்லை. மழை வேண்டியும், மழை நின்று நல்ல வானிலை வேண்டியும், பஞ்சகாலத்துக்கெனவும் ஏறெடுக்கும் ஜெபங்கள் அதில் உள்ளன. பரமேறுதல் திருநாளுக்கு முந்தைய மூன்று நாள்களும் ஒறுத்தலுக்குரிய நாள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. இந்நாள்களில் ஊரார் குருவோடு சேர்ந்து சேகர எல்லையைச் சுற்றி நடந்து வருவது இங்கிலாந்தின் பழைய வழக்கம். பெமர்டன் கிராமத்துக் குருவாக இருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், தம் மறைவுக்குப் பின் 1652இல் வெளிவந்த நாட்டுப்புறக் குரு பற்றிய உரைநடை நூலில் இவ்வழக்கத்துக்கு நான்கு பயன்களைக் கூறுகிறார்: நிலத்தின் விளைவுக்கு இறைவனின் ஆசி, எல்லைகளைக் காத்தல், சேர்ந்து நடப்பதால் பகை தீர்ந்து அன்பு வளர்தல், ஏழைகளுக்கு உதவுதல். நான்கில் ஒன்று மட்டுமே நேரடியாக இறைவனை நோக்கியது. ஏனைய மூன்றும் ஊரை நோக்கியவை. காலமுறை வழிபாடு என்பது சபை தன்னை ஒரு சமுதாயமாக ஆக்கிக்கொள்ளும் செயல் என்பதை ஹெர்பர்ட் எவ்விதக் கோட்பாட்டுச் சொல்லும் இன்றிக் கண்டுகொண்டார். திருநெல்வேலிச் சேகரங்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்தப் பார்வைதான் குறைவாக உள்ளது.

தேரிநிலத்தின் ஆண்டு

முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் நிலத்தின் ஆண்டு நெல்லால் ஆனதன்று. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு போகங்கள் உண்டு. தேரியிலோ பனையே காலத்தை அளந்தது. பனையேற்றம் தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணியில் ஓயும். பாளையை நாள்தோறும் சீவாவிட்டால் சுரப்பு நின்றுவிடும்; ஆகவே காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. அன்றே விடிலியில் பெண்கள் அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்க வேண்டும். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ‘தின்னவேலிச் சாணார்கள்’ என்னும் நூல் இவ்வுழைப்பைக் கூர்ந்து நோக்கியிருப்பினும், உழைப்பவரைப் பற்றிய அதன் மதிப்பீடுகள் அம்மக்களை ஆழமாகப் புண்படுத்தின.

இப்பருவத்தைத் திருச்சபை ஆண்டின்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். சாம்பல் புதன் மாசி மாதத்தை ஒட்டி வருகிறது. லெந்து நாற்பது நாளும், பெரிய வெள்ளியும், உயிர்த்தெழுந்த திருநாளும், பெந்தெகொஸ்தேயும் பனையேற்றத்தின் உச்சத்தில் அமைகின்றன. குளிர்காலச் சேமிப்பு தீர்ந்து புதுவிளைவு வராத மாதங்களே வட ஐரோப்பாவில் லெந்து. வயிறு இயல்பாகவே ஒடுங்கும் காலத்தில் நோன்பு அமைந்தது. தேரியில் அதே வாரங்கள் வருவாய் பெருகும் வாரங்கள். உடல் மிகுதியாக உழைக்கும் வாரங்களும் அவையே. ஆண்டு முழுவதற்குமான கடன் அப்போதுதான் அடையும். பனையேறிக்கு லெந்து நோன்பு பொருளற்றது என்பது இதன் கருத்தன்று. அவனுடைய ஒறுத்தல் உணவைக் காட்டிலும் நேரத்தைச் சார்ந்தது. மரத்திலிருந்து இறங்கிக் காலாராதனைக்கு வந்து அமர்வதே அவன் செலுத்திய காணிக்கை. ஞாயிறு ஓய்வு என்னும் கட்டளையும் இங்கே அறிவுரை அளவில் நிற்கவில்லை. பாளை ஞாயிறு அறியாது.

இதற்கு மாறாகப் பருவமும் வழிபாடும் முற்றிலும் பொருந்திய நாள் ஒன்றுண்டு. பனை வளராத இங்கிலாந்தின் சேகரங்கள் குருத்தோலை ஞாயிறன்று வில்லோ, யூ முதலிய மரங்களின் கிளைகளைக் கையாண்டன. மறைநூல் சொல்லும் ஓலை அங்கே குறியீடாக மட்டுமே இருந்தது. தேரிநிலத்துச் சபையாரோ தாம் ஏறும் மரத்தின் குருத்தையே ஏந்தி நடந்தனர். நூல் குறிப்பது பேரீச்சை, கையிலிருப்பது பனை என்ற வேறுபாடு உண்மையே. ஆயினும் பவனியில் பிழைப்பின் கருவியும் வழிபாட்டின் பொருளும் ஒன்றாயின. அப்பகுதி வழிபாட்டு ஆண்டைப் பற்றிய எந்த ஆய்வும் இந்நாளைத்தான் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸைக் கொள்வது நகர்ப்புறப் பழக்கம்.

அசனம்

நெல் அறுக்காத ஊரில் ‘அறுப்பின்’ பண்டிகை என்ற பெயரே சற்று விந்தையானது. கருப்புக்கட்டி, கோழி, முட்டை, முருங்கைக்காய், ஆட்டுக்குட்டி எனக் கொண்டுவரப்படுவன ஆலயத்தில் படைக்கப்பட்டு ஏலம் விடப்படும். ஏலத்தில் பொருளின் சந்தை விலைக்கு இடமில்லை. ஒரு முட்டை பல கைகள் மாறிப் பலமடங்கு விலைக்குப் போவது கொடுப்பவரின் தகுதியை ஊரறியச் செய்யும் முறையுமாகும். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒதுக்கிவைத்த கைப்பிடி அரிசியோ எவ்வித ஆரவாரமும் இன்றிச் சபையின் பண்டசாலையை நிரப்பியது. ஏலத்தின் கொடை ஊரறிந்தது. பிடியரிசியின் கொடை அடுப்பங்கரையோடு நின்றது. ஆய்வாளர் கவனம் முன்னதன்மேல் குவிந்து பின்னதைக் குறிப்பளவில் விட்டுவிட்டதில் வியப்பில்லை.

ஆலயப் பிரதிஷ்டை நாளை ஒட்டி நிகழும் அசனப் பண்டிகையில்தான் சேகரத்தின் சமுதாய வடிவம் தெளிவாகப் புலப்படுகிறது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரே இடத்தில் சமைக்கப்பட்டு அனைவருக்கும் பரிமாறப்படும். வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் கொண்டுசெல்லப்படும். இதனை அன்னதானத்தோடு ஒப்பிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. அன்னதானத்தில் கொடுப்போர், பெறுவோர் என இரு தரப்பினர் உண்டு. அசனத்தில் உண்பவரே வரியும் காணிக்கையும் செலுத்தியவர். தலைக்கட்டு வரி பிரித்து ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் கொடைவிழாவோடுதான் இதற்கு நெருக்கம் மிகுதி. மதம் மாறியோர் கொடையைக் கைவிட்டனர். கொடை வழியே ஊர் ஆண்டுக்கு ஒருமுறை தன்னைக் கணக்கெடுத்துக்கொண்ட தேவையைக் கைவிடவில்லை. ஜெபப் புத்தகம் அத்தேவைக்கு விடை அளிக்கவில்லை. அந்த இடத்தை அசனம் நிரப்பியது.

வரி செலுத்துவோரைக் கணக்கெடுக்கும் அமைப்பு, கணக்கில் வராதவரையும் உருவாக்கும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவது கொள்கையளவில் வரையறுக்கப்பட்டிருந்தது. பந்தியில் யார் அருகே யார் அமர்வது என்பதை எந்த வழிபாட்டு நூலும் வரையறுக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலை வாசிப்போர், சமயம் மாறியும் சாதி மாறாமையை அறிவர். அசனத்தைச் ‘சமத்துவ விருந்து’ என்று வருணிக்கும் கட்டுரைகள், ஒரு சாதியினரே நிறைந்த சேகரத்தில் அச்சமத்துவம் யாரிடையே நிலவியது என்று கேட்காமல் கடந்துசெல்கின்றன.

காலத்தின் உரிமை யாருடையது

வழிபாட்டுக் காலமுறை அமைதியாகக் கலந்து உருவானது என்னும் கருத்தை முற்றாக மறுப்பது 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் தோன்றிய இந்து கிறித்தவ சபை. அதன் நிறுவனர், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம். மிஷனில் பணியாற்றி விலக்கப்பட்ட இவர், கால்டுவெல்லின் நூலைக் கடுமையாக எதிர்த்தவர். இவரது சபை ஞாயிற்றை விடுத்துச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. ஐரோப்பிய வழக்கங்கள் எனக் கருதியவற்றை நீக்கியது. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளை அனுசரித்தது.

ஆய்வுலகம் இவரைச் சாதிப் பெருமிதத்தின் குரலாகவோ, காலனியத்துக்கு எதிரான தொடக்கக் குரலாகவோ காண்கிறது. இரண்டுக்கும் சான்றுண்டு. ஆயின் அவர் கையிலெடுத்த முதன்மைக் கருவி நாள்காட்டி என்பது போதிய கவனம் பெறவில்லை. மறைநூலே அதிகாரம் எனில் கிறிஸ்துமஸுக்கும் ஞாயிற்றுக்கும் அதில் கட்டளை எங்கே என்ற அவரது நிலைப்பாடு, சீர்திருத்தச் சபையின் சொந்த அளவுகோலையே அதன்மேல் திருப்பியது. ஜெபப் புத்தகமும் ஆங்கிலிக்கன் ஒழுங்கும் இவ்வட்டாரத்தில் கேள்விக்குள்ளானது முதன்முறையாகவும் அன்று. லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்ற இரேனியஸ் ஆங்கிலிக்கன் ஒழுங்குகளை விமர்சித்தமையால் 1835இல் சி.எம்.எஸ். சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மானியர் எழுப்பியபோது இறையியல் கருத்துவேறுபாடாகக் கருதப்பட்ட கேள்வி, தமிழர் எழுப்பியபோது கலகமாகக் கருதப்பட்டது. ஆய்வாளரும் இவ்வேறுபாட்டை அறியாமலே பின்பற்றியுள்ளனர்.

சட்டாம்பிள்ளை மீட்டெடுத்தவற்றுள் கூடாரப் பண்டிகையும் ஒன்று. லேவியராகமம் பேரீச்சை ஓலைகளையும் தற்காலிகக் குடில்களையும் இப்பண்டிகைக்கு விதிக்கிறது. அது நிகழ்வது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில். பனையேற்றம் ஓய்ந்து, குடும்பங்கள் ஓலைவேய்ந்த விடிலியை விட்டு ஊர் திரும்பியிருக்கும் காலத்தில். சட்டாம்பிள்ளை இதனை எண்ணித்தான் தேர்ந்தார் எனக் கொள்ளத் தேவையில்லை. உழைப்பின் பருவம் முடிந்தபின் கொண்டாட்டம் வரும் ஓர் ஆண்டு தேரிநிலத்துக்குக் கிடைத்தது என்பதே கருதத்தக்கது. லெந்தும் உயிர்த்தெழுதலும் அளிக்காத ஓய்வு அது.

ஆங்கிலிக்கன் சேகரங்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. பனையேற்றமும் அதன்பின் பெரிதும் சுருங்கிவிட்டது. இன்று பல ஊர்களில் அசனத்தின் நாளைத் தீர்மானிப்பதில் பள்ளி விடுமுறைக்கும், சென்னையிலும் வெளிநாட்டிலும் பணிபுரிவோர் ஊர் திரும்பும் வாரத்துக்கும் பங்குண்டு. வரிப் பட்டியலில் அவர்கள் பெயர் தொடர்கிறது. ஆண்டின் மற்ற ஞாயிறுகளில் அவர்களின் இருக்கை வெறுமையாக உள்ளது. பனையின் இடத்தில் இப்போது பயணச்சீட்டு காலத்தை அளக்கிறது.