கபுறு கிடைக்காத உடல்: அஹ்மத் சஅதாவியின் பேய் நாவல்

பேய்க்கதை என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். "படிச்ச மனிசர் வாசிக்கிற சாமானா இது?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களிடம் நான் கொடுக்க விரும்பும் நாவல், ஈராக்கிய எழுத்தாளர் அஹ்மத் சஅதாவியின் 'பக்தாதில் பிராங்கன்ஸ்டைன்'. 1973இல் பக்தாதில் பிறந்த சஅதாவி கவிஞர், ஆவணப்படங்களும் எடுத்தவர். 2013இல் வெளியான இந்நாவல் மறு ஆண்டு அறபுப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் ஈராக்கியர் இவரே. ஆனாலும் நம் இலக்கியக் கூட்டங்களில் இவர் பெயர் அடிபடுவது குறைவு. நான் வாசித்தது ஜொனதன் ரைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை.

கதை நடப்பது 2005இன் பக்தாதில். ஹாதி பழைய சாமான் வியாபாரி. அவனுடைய கூட்டாளி குண்டுவெடிப்பில் சிதறிப் போகிறான். மையித்தை எடுக்கப் போன இடத்தில் எது யாருடைய உறுப்பு என்றே தெரியவில்லை. அதன்பின் ஹாதி தெருவில் கிடக்கும் உடற்துண்டுகளைப் பொறுக்கி வந்து தைத்து, ஒரு முழு உடலாக்குகிறான். எதற்கு? குப்பையோடு குப்பையாகப் போகாமல், மனித உடலென்று மதித்து அடக்குவதற்கு!

1818இல் வந்த மேரி ஷெல்லியின் நாவலில் விஞ்ஞானி உடலை ஒட்டுவது உயிர் கொடுக்க. ஹாதி ஒட்டுவது கபுறு கொடுக்க. நாவலின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒட்டுப்போட்ட உடல் நாவுலப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. மஹசோனா கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ரிட்டிகல ஜயசேன என்ற வீரனின் தலை சண்டையில் பறிபோக, கரடித் தலையைப் பொருத்தினார்களாம்; அவன் மயானப் பேயானானாம். ஆனால் மஹசோனாவுக்குப் பயந்தவன் விடிந்ததும் சிரித்துவிடுவான். சஅதாவியை வாசித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2020 ஏப்ரலில் இருந்து, கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருந்தது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்களை அடக்கினோம். அடக்க முடியாத உடல் என்றால் என்னவென்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் ஒப்பாரி. சஅதாவி நிற்கவில்லை. குண்டுவெடிப்பில் உடலே மிஞ்சாமல் போன காவலாளி ஒருவனின் றூஹு அலைந்து வந்து, ஹாதி தைத்த உடலுக்குள் புகுகிறது. எழுந்து நடக்கும் அந்த உடல், தன் ஒவ்வொரு உறுப்புக்கும் உரியவனைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்குகிறது. பழி தீர்ந்த உறுப்பு அழுகி விழுகிறது. புதுச் சதை தேவைப்படுகிறது. முதலில் அப்பாவிகளின் சதை. போகப்போகக் குற்றவாளிகளின் சதையும். ஒருநாள் தன் கண்களுக்காக ஒன்றுமறியாத ஒரு கிழவரைக் கொல்கிறான். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறான். என்னைத் தூங்கவிடாத இடம் அதுதான். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடிக்கச் செய்தவர்களும் தங்களை நீதிமான்கள் என்றுதானே நினைத்தார்கள்?

குறையும் உண்டு. பத்திரிகையாளன் மஹ்மூத் வரும் பகுதிகள் இழுபடுகின்றன. பாத்திரங்களும் அதிகம், யார் யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் எலிஷ்வா என்ற கிறிஸ்தவக் கிழவிக்காக அதையெல்லாம் மன்னிக்கலாம். ஈரான் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவள். ஊரே நடுங்கும் அந்த உருவத்தைத் தன் மகனென்று நினைத்து, வீட்டுக்குள் எடுத்து, மகனின் உடுப்பைக் கொடுக்கிறாள். பயங்கரக் கதைக்குள் இப்படியொரு தாயை வைக்கச் சாதாரண எழுத்தாளனால் முடியாது.

ஓட்டமாவடி மையவாடியைப் பற்றி இப்படியொரு நாவல் நம்மவர் கையால் வர வேண்டும். எழுதுகிறவர் நம் கோபத்தையும் கேள்வி கேட்கத் துணிந்தவராக இருக்க வேண்டும். அவர் முதலில் வாசிக்க வேண்டிய புத்தகம் இது.