வாங்க முடியாத பக்கத்து பெஞ்ச்

'பள்ளிக்கூடமே வேண்டாம். வீட்டிலேயே படிக்கட்டும். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை' என்று ஒரு பணக்காரக் குடும்பம் முடிவெடுத்தால் என்ன செய்யும்? பாடத்துக்கு ஒரு வாத்தியார், ஏ.சி. ரூம், லேப், பியானோ... கடைசியில் வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் முளைத்துவிடும்!

பணத்தைக் கொட்டிப் படிக்கவைப்பது நாமக்கல் பக்கம் புதுசில்லை. கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊரில் விடுதிப் பள்ளிகளுக்கும் 'பிராய்லர்' என்ற பட்டம் சும்மா வரவில்லை. ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ப்ளஸ் டூவையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதே வருஷம் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. உருப்போடும் புத்தகம்தான் மாறியது. பிள்ளையோடு உட்கார நேரமில்லாத அப்பா அம்மாக்கள், அந்த நேரத்துக்கான விலையையும் ஃபீஸோடு சேர்த்தே கட்டினார்கள்.

பி.காம். படித்தவன் போடுகிற கணக்கு இது: வீட்டுக் கல்வியில் பெரிய செலவு வாத்தியார் சம்பளமல்ல, பெற்றவர்களின் நேரம். அதைக் கொடுத்துவிட்டால் மீதி மலிவு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சேலத்தில் மரவள்ளிக்கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலை, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை... கூட்டிப்போய் நிறுத்தி, கேள்வி கேட்க விடுங்கள். இயற்பியலிலிருந்து வியாபாரம் வரை தானாக வரும். சர்டிஃபிகேட்டுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்தால் அதில் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

ஆனால், எத்தனை கோடி கொடுத்தாலும் பக்கத்து பெஞ்ச் பையனை வாங்க முடியாது. லாரி டிரைவர் மகனும் லாரி ஓனர் மகளும் சண்டை போட்டு, டிபன் பாக்ஸைப் பகிர்ந்து, ராசியாகிக் கற்றுக்கொள்வதை எந்த டியூட்டர் சொல்லித்தருவார்?

அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் இலவசம்.

வீட்டில்தான் படிக்கவைப்பேன் என்பவர்கள், சாயங்காலமாவது பிள்ளையைத் தெருவில் விளையாட விடுங்கள்.