புகைச் சீட்டைப் படிப்பவர்

அயனாவரத்தில் ஒரு குறுகலான தெருவின் கடைசியில் இருக்கிறது அந்தப் பட்டறை. வண்டியை அங்கே கொண்டுபோனபோது என் கையில் தேறாத புகைச் சோதனைச் சீட்டு ஒன்று இருந்தது. 2003-இல் சென்னையில் பதிவான மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. பாரத் ஸ்டேஜ் 2 காலத்தது என்பதால், ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். ஹைட்ரோகார்பன் 260, குறையில்லை. கார்பன் மோனாக்சைடு 2.1. அதற்குள் இரண்டு இடங்களில் காட்டியாகிவிட்டது. ஓரிடத்தில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். இன்னோரிடத்தில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்றார்கள். அதன் விலையைக் கேட்ட பிறகுதான் இந்தப் பட்டறை மெக்கானிக் அண்ணனைத் தேடி வந்தேன்.

அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல ரெண்டுதான் சார் இருக்கு. மெஷின் நாலு அளக்கும். மீதி ரெண்டையும் ஸ்கிரீன்ல பாத்து எழுதிட்டு வாங்க" என்றார். திரும்பப் போய் எழுதிக்கொண்டு வந்தேன். கார்பன் டை ஆக்சைடு 13.4 சதவீதம், ஆக்சிஜன் 0.2 சதவீதம். அந்தத் துண்டுக் காகிதத்தை டூல் பெட்டியின் மேல் வைத்துவிட்டு டீ சொன்னார்.

பழைய வண்டியின் புகையை ஆராயும் கலையில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். ஸ்பானரை எடுக்குமுன் எடுத்துக்கொள்ளும் அந்த டீ நேரத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாக எரியும்; அந்த அரைகுறையின் பெயர்தான் கார்பன் மோனாக்சைடு. எரியாமலே வெளியே வரும் பெட்ரோல் ஹைட்ரோகார்பன். செலவாகாமல் மிஞ்சுவது ஆக்சிஜன். நன்றாக எரிந்ததற்கு அடையாளம் கார்பன் டை ஆக்சைடு. நல்ல இன்ஜினில் அது 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும். என் வண்டியின் சீட்டில் அச்சாகாத அந்த எண்ணைத்தான் கைதேர்ந்தவர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

இவற்றில் எதையும் தனியாகப் படிக்கக் கூடாது. ஹைட்ரோகார்பன் ஏறி, கூடவே ஆக்சிஜனும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. பெட்ரோலும் காற்றும் உள்ளே போய், சந்தித்தும் எரியாமல், அப்படியே வெளியேறுகின்றன. பிளக்கோ ஒயரோ என்று பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு ஒயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசிகிற ஒயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அவ்வளவு அழகான சோதனை வேறில்லை. கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்தே ஏறியிருந்தால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வரலாம், அல்லது சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலக்கலாம். என் காகிதத்தில் ஆக்சிஜன் வெறும் 0.2. "எரிக்கக் காத்தே இல்ல. கன்வெர்ட்டர் எதை வெச்சு எரிக்கும்? அது மேல பழி போடாதீங்க" என்றார் அண்ணன். டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஒரு பெரிய செலவு தள்ளிப்போனது.

கார்புரேட்டர் காலத்தில் இந்தப் படிப்பு வேறு மாதிரி நடந்தது. பிரீமியர் பத்மினி மாதிரி வண்டிகளுக்கு வரம்பே 3 சதவீதம். அனலைசர் இல்லாத பட்டறையில் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார்கள். மாரி பிஸ்கட் நிறம் என்றால் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் தேய்மானம். ஆனால் சோதனைக்குப் போகுமுன் மிக்ஸர் ஸ்க்ரூவை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்து, சீட்டு வாங்கியதும் பழையபடி திறந்துவிடுகிற வழக்கமும் அப்போதே இருந்தது. அதை எந்தக் காலத்திலும் என்னால் திறமை என்று ஒத்துக்கொள்ள முடியாது. கார்புரேட்டரின் மிதவை மட்டம் ஏறியதால் வந்த நோயை ஸ்க்ரூ மறைக்கும், தீர்க்காது. அளவு மீறிக் குறைத்தாலோ கலவை தீப்பிடிக்காமல் ஹைட்ரோகார்பன் எகிறும்.

என் வண்டிக்கு வருகிறேன். பெட்ரோல் அதிகம் போகிறது என்பது உறுதி. யார் கொடுக்கச் சொல்கிறார்கள்? அண்ணன் இன்ஜினைச் சூடாக்கி, ஆக்சிஜன் சென்சாரின் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். வேலை நடக்கும்போது அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். இங்கே 0.85-இல் அசையாமல் நின்றது. பழைய சென்சாரும் இப்படித்தான் நின்றிருக்கும். நின்றதைப் பார்த்துதான் அதை மாற்றியிருப்பார்கள். அண்ணன் அதையே வேறு விதமாகப் படித்தார். 0.85 என்றால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். புகையும் அதையேதான் சொல்கிறது. சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இன்ஜினின் கணினியான ஈசியூ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைக்கும்வரை ஈசியூ அந்தச் சென்சாரைக் கேட்காது; குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தன் கணக்குப்படி ஊற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் சூட்டைச் சொல்கிறவர் யார்? தெர்மோஸ்டாட் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைத் துண்டு. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும்: 20 டிகிரியில் சுமார் 2,400 ஓம், 80 டிகிரியில் 300 சொச்சம். முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். நம் ஊரில் வண்டி சூடாகும் என்று பயந்து அதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் திண்டாடும். இதில் இருந்தது. சென்சாரின் முனைகளில் நேராக அளந்தார்: 310 ஓம். நல்ல சென்சார்தான். அடுத்து, கழற்றிய கனெக்டரை மறுபடி மாட்டிவிட்டு, ஈசியூ பக்கத்து ஒயர் முனையில் போய் அளந்தார்: 1,700.

நடுவில் இருந்த 1,400 ஓம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, கனெக்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பின்களில் ஒன்றின் அடியில் பச்சைக் களிம்பு. பூஜை அறைச் செம்பைத் துலக்காமல் விட்டால் பிடிக்குமே, அதே பச்சை, கடுகளவு. அந்தக் கடுகளவுதான் எண்பது டிகிரிக்குக் கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினை முப்பது டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மத்தியான வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் நிற்கும்போதும் ஈசியூவுக்கு அது விடியற்காலை.

பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர், நகக்கண் அளவு கிரீஸ். தளர்ந்த டெர்மினலை ஊசிமூக்குக் குறடால் லேசாக அழுத்தினார். மறுபடி ஆக்சிஜன் சென்சாரின் ஒயரில் மல்டிமீட்டர்: 0.2, 0.7, 0.3, 0.8. எண்கள் மேலும் கீழும் துள்ளத் தொடங்கின. அண்ணன் மீட்டரைக் கூட நின்ற பையனிடம் கொடுத்து, "பாருடா, இப்ப ரெண்டும் பேசிக்குது" என்றார்.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டுச் சோதனைக்குப் போகச் சொன்னார். கன்வெர்ட்டர் சூடேறாமல் வேலை செய்யாது. நான்கு எண்களையும் எழுதிக்கொண்டு திரும்பினேன். கார்பன் மோனாக்சைடு 0.14. அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்துக் காகிதத்தை நீட்டினேன். அவர் விரல் அதைத் தாண்டிப் போய், சீட்டில் இல்லாத அந்த மூன்றாவது வரியில் நின்றது. கார்பன் டை ஆக்சைடு 15.1.

"இப்பத்தான் சார் முழுசா எரியுது" என்றார்.