கற்றுக்குட்டியின் களிப்பு

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சி செல்லும் சாலையில் அய்யம்பேட்டையையும் முத்தியால்பேட்டையையும் கடந்து செல்வோர்க்குத் தறியோசை புதிதன்று. பட்டு நெய்யக் கற்பதற்கு எத்தனை காலம் செல்லும் என்று அங்குள்ள முதியோரைக் கேட்டால் சிரிப்பார்கள். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வையாகப் பிணைக்கும் வேலையில், மறுபுறக் கரைக்கு நாடா தள்ளித் தரும் துணையாளாகவே முன்னாளில் சில ஆண்டுகள் கழியும். தறியின் நடுவிடம் அதற்குப் பிறகுதான். இப்படிப்பட்ட ஊரில் வாழும் நாம், ஒரு கணினி விளையாட்டில் 50 பொன் கொடுத்தால் 25 விநாடியில் ஊரார் அனைவரும் தறியை அறிந்துகொள்வர் என்று கண்டபோது, முதலில் சிரித்தோம். பின்னர் சற்றுச் சிந்திக்கவும் செய்தோம்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். அதன் இரண்டாம் பாகம் 1999இல் வெளிவந்தது. 2019இல் புதுக்கிய பதிப்பாக மீண்டும் வந்து இன்றளவும் ஆடப்படுகிறது. இலக்கிய இதழில் இதற்கெல்லாம் திறனாய்வா என்று வாசகர் வினவக்கூடும். திரைப்படத்தையும் ஒரு காலத்தில் நாம் வாசலிலேயே நிறுத்தி வைத்தோம் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம்.

ஆட்டம் தொடங்கும்போது நமக்குக் கிடைப்பவை ஓர் ஊர் மையம், மூன்று ஊரார், குதிரையேறிய ஒற்றன் ஒருவன், சிறிதளவு உணவும் மரமும். ஆடு அறுத்து, மரம் வெட்டி, பொன்னும் கல்லும் தோண்டிச் செல்வம் சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் கொண்டு மேலும் ஊராரையும் படையையும் உண்டாக்கி, இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் எனப் படியேற வேண்டும். சதுரங்கத்தில் நாம் காய் நகர்த்தும் வரை எதிரி காத்திருப்பான். இங்கு அந்தப் பண்பாடு இல்லை. நாம் யோசித்து நிற்கும் ஒவ்வொரு கணமும் எதிரியின் ஊர் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நமக்கு இதைக் கற்பித்தவன் நம் அண்ணன் மகன். பொறியியல் மூன்றாம் ஆண்டில் இரண்டு அரியர் வைத்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தவன், வீட்டார் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கணினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதைக் கடந்த நாம் அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது அவனோடு பேச ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே. முதல் நாள் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாம் அனுப்பிய ஊரான் திரும்பவில்லை. அடுத்தவனை அனுப்பினோம்; அவனும் திரும்பவில்லை. மூன்றாமவனை அனுப்பக் கை நீண்டபோது அவன் பொறுக்கமாட்டாமல், "சித்தப்பா, பன்னிய அடிச்சிட்டு ஊரப் பாத்து ஓடியாரணும். அது தொரத்திக்கிட்டு வரும். இங்க எல்லாரும் சேந்து அடிச்சிரலாம்" என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

ஆயினும் அவன் மிகுதியாகக் கூறியது வேறொன்று: "டவுன் சென்டர் சும்மா இருக்கு பாருங்க சித்தப்பா." ஓர் ஊரானை உண்டாக்க 50 அளவு உணவும் 25 விநாடியும் ஆகும். இடைவிடாமல் உண்டாக்கினால் 10 நிமிடத்தில் 24 பேர். தொடக்கத்து மூவரோடு 27. நம் ஊரில் பத்தாம் நிமிடத்தில் இருந்தோர் 14 பேர், பன்றிக்குப் பலியானோர் நீங்கலாக. வேலியின் அழகிலும், ஒற்றன் கண்ட ஏரியின் அழகிலும் நாம் மயங்கியிருந்த நேரமெல்லாம் ஊர் மையம் வெறுமனே நின்றிருந்தது. எதிரியின் முதற்குதிரை வந்து சேருமுன்பே தோல்வி முடிவாகிவிட்டது.

மறுநாள் 17 பேர். பிறகு 19. 22ஐத் தொட்ட இரவிலும் கணினியிடம் தோற்றோம். ஆயினும் மகிழ்ச்சியால் வெகுநேரம் உறக்கம் வரவில்லை. தோற்றவனுக்கு இத்தனை மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? இவ்விளையாட்டைத் திறனாயப் புகுவோர் விடைகாண வேண்டிய கேள்வி இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு தன்னுள்ளேயே சில ஆசிரியர்களை வைத்திருக்கிறது. முதலாமவர் ஸ்காத்லாந்து வீரர் வில்லியம் வாலஸ். அவர் கதையை ஏழு அத்தியாயங்களாகப் பிரித்து, நடக்கவும் வெட்டவும் கட்டவும் படிப்படியாகச் சொல்லித் தருகின்றனர். கை பிடித்து எழுதவைக்கும் திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் போன்ற பொறுமை அதில் உண்டு. ஆனால் கடைசி அத்தியாயம் நம்மை நெருடியது. அது பால்கிர்க் போர். 1298இல் நிகழ்ந்த அப்போரில் வாலஸ் தோற்றார் என்பது வரலாறு. விளையாட்டிலோ கற்போன் அதில் வென்று பட்டம் பெறுகிறான். மாணவன் மனம் நோகக் கூடாதென்று வரலாற்றையே திருத்திவிட்ட ஆசிரியரை என்னென்பது! அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு முதன்முதலாக மற்றொரு மனிதரோடு ஆடப் போகிறவன், தோல்வி என்றால் என்னவென்று அறியாமலே போகிறான்.

இரண்டாம் ஆசிரியர் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்து சேர்ந்த 'ஆர்ட் ஆஃப் வார்' பயிற்சிகள். சீன நூல் ஒன்றின் பெயரைத் தாங்கிய இவை கதை சொல்வதில்லை. இன்ன வேலையை இத்தனை நிமிடத்தில் முடித்தால் தங்கம், தாமதித்தால் வெள்ளி, மேலும் தாமதித்தால் வெண்கலம். நம்மிடம் வெண்கலமே மிகுதி. ஆயினும் இவ்வாசிரியரையே நாம் உயர்வாக மதிக்கிறோம். கற்போனைப் புகழாமலும் இகழாமலும், நேற்றைய நிமிடத்தையும் இன்றைய நிமிடத்தையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார்.

இனித் தறிக்கு வருவோம். ஊர் மையத்தில் 'தறி' என்னும் கல்வியை வாங்கினால் ஊரார் உடல் வலுப்பெற்று ஓநாய்க்கும் எதிரியின் ஒற்றனுக்கும் எளிதில் மடிய மாட்டார்கள். ஆனால் அக்கல்வி முடியும் 25 விநாடியில் புதிய ஊரான் ஒருவனையும் உண்டாக்க இயலாது. ஆகவே தறியை எப்போது வாங்குவது என்பது கற்றுக்குட்டிகள் அனைவரும் கேட்கும் கேள்வி. தேர்ந்தோரும் இடமறிந்து வெவ்வேறாகச் செய்கின்றனர். நம் கருத்தைக் கவர்ந்தது இன்னொரு செய்தி. திரைக்குள் நிகழும் கல்வி எல்லாம் விலைக்குக் கிடைப்பது. பொன்னைக் கொடுத்தால் ஒரே கணத்தில், எல்லார்க்கும், குறைவின்றி, மறதியின்றி வந்து சேரும். திரைக்கு வெளியே எலியைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தச் சலுகை கிடையாது. நேற்று கற்றதை இன்று மறக்கிறது. பன்றிக்கு இன்னும் ஓர் ஊரானைப் பலி கொடுக்கிறது. ஒரே ஆட்டத்தில் இவ்விரு கல்வியும் அருகருகே நடப்பதுதான் இதன் அழகு. திரையில் உள்ள நெசவாளன் 25 விநாடியில் தேறிவிடுகிறான். அவனை ஏவும் நாம் அய்யம்பேட்டையில் மறுபுறக் கரைக்கு நாடா தள்ளும் பிள்ளையாகவே இருக்கிறோம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். மெய்யான தறியில் பிழைத்த இழை பட்டிலேயே நிற்கும்; பிரித்தெடுத்தால் உழைப்பு வீண், விட்டுவிட்டால் கூலியில் பிடித்தம். அங்குக் கற்பவன் அச்சத்தோடு கற்கிறான். இங்குப் பிழைக்கு விலையில்லை. அழித்துவிட்டு அடுத்த ஆட்டம் தொடங்கலாம். நம் களிப்பில் பெரும்பகுதி இந்த மன்னிப்பிலிருந்து பிறந்தது. அதை மறைத்துவிட்டு, விளையாட்டு உழைப்பைக் கற்றுத் தருகிறது என்று நெசவாளர் தெருவில் நின்று பேச நமக்கு நா எழவில்லை.

தமிழர்க்கு இவ்விளையாட்டில் வேறோர் ஈர்ப்பும் உண்டு. 2013இல் 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் இத்துணைக் கண்டம் முழுவதையும் அடைத்திருந்தவர்கள், 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் இணைப்பில் திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் எனப் புதிய இனங்களைச் சேர்த்தனர். திராவிடப் படைக்குச் சுருள்வாள் வீரரும் 'திரிசடை' என்னும் போர்க்கப்பலும் கிடைத்தன. இராசேந்திர சோழன் பெயரில் ஒரு கதைத்தொடரும் வந்தது. ஊரானைத் தொட்டால் தமிழில் மறுமொழி கேட்கிறது! முதன்முறை கேட்டபோது மேனி சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். உடனே திராவிடரைத் தேர்ந்தோம், தொடர்ந்து தோற்றோம். கற்போர் கைக்கு எளிதில் வசப்படும் கவசக் குதிரைவீரர் திராவிடர்க்கு இல்லை. "மொதல்ல பிராங்க்ஸ் எடுத்துக் கத்துக்குங்க சித்தப்பா, பெருமைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் பிள்ளை. சினம் வந்தது, அவன் சொன்னதே சரி.

குறைகளும் உள. ஆயிரம் ஆண்டுத் தமிழர் வாழ்வில் கப்பலும் வாளும் மட்டுமே ஆட்டத்திற்குள் நுழைய இடம் பெற்றன. நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் கல்லில் வெட்டப்பட்ட குடவோலை முறைக்கு இவ்விளையாட்டில் பொத்தான் இல்லை. நம் வாசகரை உறுத்தக்கூடிய மற்றொன்று துறவி. அவர் கைத்தடியை அசைத்து ஓத ஓத எதிரியின் ஆள் நிறம் மாறி நம் பக்கம் வந்துவிடுகிறான். மீண்டும் ஒருவனை மாற்ற, 'நம்பிக்கை' என்னும் அளவுக் கோடு நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். மனமாற்றத்தைப் பீரங்கியோடு ஒரே வரிசையில் வைத்த கற்பனை வறட்சியை வேடிக்கை என்று தள்ளிவிடலாம். நாமும் அப்படியே தள்ளினோம், இரண்டு யானைகளை அம்முறையில் கைப்பற்றிய பிறகு.

மனிதரோடு மனிதர் மோதும் தரவரிசை ஆட்டமே இதன் உயிர்நிலை என்பர். அங்கு ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. எல்லாரும் 1000இல் தொடங்குவர். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராயிருந்த அர்பாத் ஈலோ சதுரங்கத்திற்கென வகுத்த கணக்கின் வழிவந்தது இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அக்கணக்கை 1970இல் ஏற்றது. 2022 சூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, நம் பகுதிச் சிறுவர் நாவிலும் 'ரேட்டிங்' என்ற சொல் புழங்கத் தொடங்கியது.

இக்கணக்கின் கருணையும் கொடுமையும் ஒன்றே. நம் எண்ணுக்கு ஒத்தவரையே நம்மோடு மோதவிடுகிறது; கற்றுக்குட்டிக்குக் கற்றுக்குட்டியே துணை. நாம் தேறினால் எதிரியும் தேறியவனாக வருகிறான். ஆகவே மிக உச்சியில் இருக்கும் சிலரைத் தவிர, எத்தனை கற்றாலும் ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருப்போம். வெற்றியில் மட்டும் மகிழ்வோனுக்கு ஆயிரம் மணி நேரக் கல்வியும் ஒரு துளி மகிழ்ச்சியைக் கூட்டித் தராது. கணக்கு அப்படி.

அண்ணன் மகனின் எண் 1103. அதைத் தொட்ட நாள் முதல் அவன் தரவரிசையில் ஆடுவதை நிறுத்திவிட்டான் என்பது நமக்கு மெல்லத்தான் புரிந்தது. நம்மோடு ஆடுவான், கணினியோடு ஆடுவான், பிறர் ஆடுவதைப் பார்ப்பான். ஏன் என்று கேட்டோம். "ஏறுனது எறங்கிடும் சித்தப்பா." அரியர் தாள்களுக்கு அவன் இன்னும் பணம் கட்டவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எண் இல்லாத நாம் ஒவ்வோர் இரவும் தோற்று மகிழ்ந்திருக்க, எண் உள்ள அவன் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

ஆடி முடித்த ஆட்டங்களை இவ்விளையாட்டு சேமித்து வைக்கும். அவன் கடைசியாகத் தோற்ற ஆட்டம் ஒன்றைக் காட்டச் சொன்னோம். தயங்கியே திறந்தான். எதிரியின் குதிரைப்படை புகுந்து அவன் வயல்களைச் சூறையாடிய இடத்தில், "இங்கதான் போச்சு" என்றான். நாம் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. திரையின் மற்றொரு மூலையைப் பார்த்தோம். அதற்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே, "தம்பி, டவுன் சென்டர் சும்மா இருக்கு பார்" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். பதினான்காம் நிமிடத்திலிருந்து அதே ஆட்டத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். நம் வீட்டில் இரவுச் சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் தரவரிசையில் இறங்கினான். கடைசி வரை நெருங்கி வந்து தோற்றான். 1103 என்பது 1087 ஆயிற்று. கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளைப் பற்றி அவனே பேச்செடுத்தது அதற்கடுத்த வாரம். அது இத்திறனாய்வின் எல்லைக்குள் வராது. அன்றைக்கு அவன் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க ஒக்காருங்க சித்தப்பா" என்றான். உட்கார்ந்தோம். ஆடுகளை ஊர் மையத்தருகே சேர்த்துவிட்டு, பன்றி வேட்டைக்கு ஒருவனை அனுப்பினோம்.