வாப்பாட பட்டியலும் உம்மாட வளவும்

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் குடும்ப வரலாறுகளை வாசிக்கும்போது ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பட்டியல் வாப்பாவில் தொடங்கி, வாப்பாட வாப்பாவுக்குப் போய், ஊருக்கு முதலில் வந்த ஆணில் முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமத்துப் பெண் அதில் 'இன்னாரின் மனைவி' மட்டுமே.

தகவல் இல்லாமையைவிட, தேடும் திசையே இதற்குக் காரணம் என்பேன். கிழக்கு முஸ்லிம்களிடையே 'குடி' தாய்வழியாக இறங்குவது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் சீதனமாக மகளுக்குச் சேர்கின்றன. முகம்மதிய விவாகப் பதிவுச் சட்டம் 1886 இல்தான் வந்தது. அதற்கு முன் மணமுடித்தவளை அந்த ஏட்டில் தேடிப் பயனில்லை. அவளைத் தேடவேண்டிய இடம் வளவின் உறுதி. அங்கே அவள் யாருக்கும் மனைவியாக அல்ல, உரித்தாளியாக நிற்பாள். அவளுக்கு அந்த வளவு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் இன்னொரு தலைமுறை திறக்கும்.

2004 கடற்கோளிலும் 2006 மூதூர் இடப்பெயர்விலும் பல வீடுகளின் கடதாசிகள் போய்விட்டன. மிச்சமிருப்பது மூத்த பெண்களின் ஞாபகம். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் ஆண்களிடம் பெயர்ப்பட்டியல் கேட்பதோடு நிறுத்தாமல், அந்த உம்மம்மாமாரிடம் இதையும் கேட்கவேண்டும்: "உங்கட உம்மாட உம்மா எந்த வளவில பிறந்தவ? அவ எந்தக் குடி?"