வலைப்பூவின் முதற்பாடம்

ஒரு நூலைத் திறனாய்வோர் அதன் பாயிரத்தைப் புறக்கணித்தல் முறையன்று. வலைப்பூ எழுதப் புகுவார்க்கு வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் காட்டும் முதற் பக்கங்களும் ஒருவகைப் பாயிரமே. 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் இதனை வெளியிட்டனர். மாணவர் கட்டுரைகளை இதில் ஏற்ற முற்படும் ஆசிரியர்கள் நம் தோட்டப் பள்ளிகளிலும் உளர். ஆகவே, இப்பாயிரத்தைப் பாடம் சொல்பவன் என்ற முறையில் சிறிது ஆராய விழைகின்றேன்.

நிறுவி முடித்ததும் வெற்றுத்தாள் நம்முன் கிடப்பதில்லை. உலகுக்கு வணக்கம் கூறும் மாதிரிப் பதிவொன்றும், அதன்கீழ் ஒரு மாதிரிக் கருத்துரையும், தனியே ஒரு மாதிரிப் பக்கமும் முன்னரே எழுதி வைக்கப்பட்டுள்ளன. அம்முதற் பதிவோ தன்னைத் திருத்தவோ அழிக்கவோ சொல்லி, எழுதத் தூண்டுகின்றது. தன்னை அழிக்குமாறு மாணாக்கனிடம் கூறும் பாடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை! எனினும் இது நல்ல போதனா முறையே. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய சொல்லை அழித்துத் தன் சொல்லை எழுதும் சிறுவனுக்குக் கூச்சம் போய்விடுகின்றதன்றோ? பதிவுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் மாதிரிப் பக்கம் தெளிவாய் உணர்த்துகின்றது. ஆனால், தன்னறிமுகத்துக்கு அது காட்டும் ஆள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மிதிவண்டியில் அஞ்சல் சுமந்து, நாயொன்று வளர்த்து, நடிகனாக விழையும் ஒருவன். நம் சிறுவர்க்கு அவன் யாரோ!

அது சிறு குறை. பெருங்குறை முகவரியில் உளது.

ஒவ்வொரு பதிவின் முகவரியும் அதன் தலைப்பிலிருந்தே அமைகின்றது. அதற்கு ஒதுக்கப்பட்டவை 200 இடங்கள். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழிலோ க, ட போன்றவை ஒரு குறி. கால், கொம்பு, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறி. ஒவ்வொன்றும் 9 இடங்களைக் கொள்ளும். அஃதாவது, 22 குறிகளுக்குமேல் இடமில்லை. 'பால்மரக் காட்டில் ஒரு நாள்' என்று ஒரு சிறுமி தலைப்பிடுவதாகக் கொள்வோம். எண்ணிப் பாருங்கள், 23 குறிகள் வரும். சொல்லிடை வெளி மூன்றையும் சேர்த்தால் 210 இடங்கள். எனவே இறுதி ளகரமும் அதன் புள்ளியும் உள்ளே நுழையா. முகவரி 'ஒரு நா' என்று முடியும். நாள் நாவாயிற்று! பக்கத்தில் தலைப்பு முழுமையாகவே நிற்கும் என்பது உண்மைதான். ஆயினும், பிறர்க்கு அனுப்புவது முகவரியை அன்றோ?

முகவரிப் பெட்டியைத் திறந்து 'பால்மரம்' எனக் கையால் எழுதிவிட்டால் தொல்லை தீரும். இவ்வளவு எளிய பரிகாரத்தைப் பற்றி முதற்பாடத்தில் ஒரு சொல்லேனும் இல்லை என்பதே என் குறை.

1999-இல் பைரா லேப்ஸ் தொடங்கி, 2003-இல் கூகுள் வாங்கிய பிளாகரையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். அது தமிழ்த் தலைப்பை முகவரியில் அறவே ஏற்பதில்லை. வலைப்பதிவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை இட்டு, அடுத்தடுத்த பதிவுகளுக்கு எண்ணைச் சேர்த்துவிடும். முன்னது பெயரின் வாலை அறுக்கின்றது. பின்னது பெயரையே கேட்பதில்லை. கிராணியார் எழுதியதே பெயர் என்றிருந்த தோட்டத்துப் பெயரேட்டுக் காலத்தைக் கண்ட முதியோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது.

என் மாணவர்க்கு நான் அம்முகவரிப் பெட்டியைத்தான் முதலில் திறந்து காட்டுகின்றேன். வணக்கப் பதிவை அழிப்பது அதற்குப் பின்னரே.